பத்துக்குப் பத்துல ஒரு மைதானம்

எங்க வீட்ல ஓடணும்னா மூணு எட்டுதான் ஓடலாம். நாலாவது எட்டுல சுவரு வந்துடும். காலனியில கவர்மெண்டு கட்டிக் குடுத்த தொகுப்பு வீடு அது. பத்துக்குப் பத்து ரூம் ஒன்னு, பக்கத்துல சமைக்க ஒரு சந்து. அந்த ரூமுலதான் நாங்க நாலு பேரும் படுக்கணும், பிள்ளைங்க படிக்கணும், மழைக்கு வெறகும் அங்கதான் வெக்கணும். அதே ரூமுலதான் என் பையன் டென்னிஸ் ஆடுனான், குத்துச்சண்டை போட்டான். சொன்னா சிரிப்பீங்க. எங்க தெருவும் அப்படித்தான் மொதல்ல சிரிச்சுது.

என் பையனுக்கு டவுன் சிண்ட்ரோம். வீட்ல அவன் பேரு ராசா. இங்கயும் அதுவே போதும்.

2005-ல பெரியாஸ்பத்திரியில பொறந்தான். மூத்தது பொண்ணு, இவன் ரெண்டாவது. பொறந்த மறுநாள் ஒரு நர்சு அவன் கண்ணைப் பாத்துட்டு, உள்ளங்கையை விரிச்சு ஒத்தை ரேகையைப் பாத்துட்டு, பக்கத்துல இருந்தவங்ககிட்ட "இது மங்கோல் கொழந்த"ன்னு சொன்னாங்க. எனக்கு ஒன்னும் புரியல. பக்கத்துக் கட்டில் அம்மா, "என்னாமோ சீன நாட்டு வியாதியாம்"னாங்க. எங்க ஆயா மட்டும் கொழந்தையைத் தூக்கி மோந்து பாத்துட்டு, "மாவு உருண்டை மாரி இருக்கறான், பொழச்சிக்குவான் போ"ன்னு சொல்லிச்சு.

அந்த மங்கோல்ங்கற சொல்லு எங்கிருந்து வந்துதுன்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. ஆதிதிராவிடர் நலத்துறை மாணவியர் விடுதியில நான் சமையல் வேலை பாக்குறேன். அங்க என் கையால சாப்பிட்டு வளந்த ஒரு பொண்ணு பிசியோதெரபி படிச்சா. அவதான் சொன்னா. ஜான் லாங்டன் டவுன்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர். 1866-ல மூளை வளர்ச்சி இல்லாதவங்களை இனவாரியாப் பிரிச்சு ஒரு கட்டுரை எழுதியிருக்கார். இந்த மாதிரிக் கொழந்தைங்க முகத்தைப் பாத்து மங்கோலிய இனம்னு பேர் வெச்சுட்டார். வெள்ளைக்காரப் பிள்ளை புத்தி குறைஞ்சு பொறந்தா அது வேற இனத்துச் சாயல்னு அவர் நெனப்பு. 1959-ல பிரான்சுல, 21-ஆவது குரோமோசோம் ரெண்டுக்குப் பதிலா மூணு இருக்கறதுதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. 1961-ல விஞ்ஞானிகள் சேந்து, அந்தப் பேரை விடுங்கன்னு எழுதினாங்க. 1965-ல மங்கோலியா நாடே உலக சுகாதார நிறுவனத்துகிட்ட போய், எங்க மக்கள் பேரை ஒரு குறைக்கு வைக்காதீங்கன்னு கேட்டுது. அதுக்கப்புறம் நிறுவனம் அந்தச் சொல்லை விட்டுடுச்சு. ஆனா அதுக்கும் நாப்பது வருஷம் கழிச்சு எங்க ஆஸ்பத்திரியில அது உயிரோட இருந்துது.

எனக்கு இது புதுசா தெரியல. கீழே வைக்கணும்னு நெனைக்கறவனுக்கு ஒரு இனத்தோட பேரு, ஒரு சாதியோட பேரு போதும், அதையே திட்டாக்கிடலாம். எங்களுக்கு ஊர்க்காரன் வெச்ச பேரு ஒன்னு. அரசாங்கம் வெச்ச பேரு ஒன்னு. கடவுளின் பிள்ளைன்னு ஒருத்தர் வெச்ச பேரு ஒன்னு. நாங்களா எடுத்துக்கிட்ட பேரு தலித். என் பையனுக்கு இன்னிக்கு மாற்றுத்திறனாளின்னு மரியாதையா ஒரு சொல்லு இருக்கு. சர்டிபிகேட்டுல இருக்கற அந்தச் சொல்லு தெருவுக்கு இன்னும் வந்து சேரல. தெருவுல அவன் ‘லூசு’. ஊர்த் தெருவுல அதுக்கு முன்னாடி எங்க சாதிப் பேரும் சேரும்.

ராசாவுக்கு நெஞ்சுல ஓட்டை இருந்துது. இந்தக் குறையோட பொறக்கற பிள்ளைங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்குமாம். பால் குடிச்சாலே மூச்சு வாங்கும், உதடு நீலம் பூக்கும். 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்துது. அந்த அட்டையிலதான் ஆபரேஷன் நடந்துது. இல்லேன்னா அவனைப் பொதைச்ச இடத்துல புல்லு மொளச்சிருக்கும். அரசாங்கத்தைத் திட்டறதுக்கு எங்ககிட்ட ஆயிரம் இருக்கு. இதைச் சொல்லாம விட்டா நன்றி கெட்டவளாயிடுவேன்.

ஆபரேஷன் முடிஞ்சு வர்றப்ப டாக்டர் ஒன்னு சொன்னார். "ஆறுன பிறகு இவனைப் படுக்க வெச்சிராதம்மா. ஓடட்டும், ஆடட்டும். ஒடம்பு அசையணும்." அவன் தசையெல்லாம் தளர்வு. மூட்டுங்க ரப்பர் மாதிரி வளையும். பாதம் தட்டை. கொஞ்சம் நடந்தாலே ஒக்காந்துடுவான். ஒக்காந்தா எடை ஏறும், எடை ஏறுனா இன்னும் நடக்க மாட்டான். தைராய்டும் குறைவு, அதுக்கு மாத்திரை. கழுத்து எலும்பு ரெண்டும் சேர்ற இடம் சிலருக்கு உறுதியா இருக்காது, அதனால குட்டிக்கரணம் போட விடாத, தலையில முட்டற ஆட்டம் வேணாம்னும் சொல்லி அனுப்பினாங்க.

ஓடட்டும், ஆடட்டும். சரி. எங்க ஓடறது?

எங்க ஊர்ல மைதானம்னு ஒன்னுதான். ஊர்த் தெருவைத் தாண்டி, ஹைஸ்கூலுக்குப் பின்னாடி. பேருக்குப் பொதுவிடம். எங்க பசங்க அங்க மட்டை எடுத்துக்கினு போனா, "ஒங்க பக்கம் போய் ஆடுங்கடா"ம்பாங்க. எங்க பக்கம் என்ன இருக்கு? ஒரு சந்து, சாக்கடை, அந்தாண்ட ஊர்க்காரங்க நெலம். பந்து நெலத்துல விழுந்தா எடுக்கப் போறவனுக்குத் திட்டு நிச்சயம்.

விளையாட்டுல சாதி இல்லேன்னு பேசறவங்க பல்வங்கர் பாலூ கதையைப் படிக்கணும். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. பூனாவுல அவர் பந்து வீச்சால இந்துக்கள் அணி ஜெயிச்சுது. அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டாங்க. ஆனா இடைவேளையில அவருக்கு மட்டும் டீ வெளியில, தூக்கி எறியற மண் கோப்பையில. பாலூவுக்கு மைதானத்துக்குள்ள எடம் இருந்துது, பந்தலுக்குள்ள இல்ல. எங்க பசங்களுக்கு மைதானமே இல்ல.

2014-ல ஒரு சாயங்காலம். நான் விடுதியில இருந்தேன். ராசா எங்க பசங்க பின்னாடியே மைதானத்துக்குப் போயிட்டான். ஓரமா நின்னு பாத்துக்கினு இருந்தவன், பந்து காலாண்ட வந்ததும் எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டான். குடுன்னு கேட்டிருக்காங்க. குடுக்காம சிரிச்சிருக்கான். அவன் வெளையாட்டு அது. ஊர்ப் பையன் ஒருத்தன் கன்னத்துல அறைஞ்சு பந்தைப் புடுங்கிக்கினு, "காலனிப் பய, அதுல லூசு வேற"ன்னு சொன்னானாம். அந்தப் பந்தைக் கழுவினாங்கன்னு என் பொண்ணு அழுதுக்கினே சொன்னா. எச்சில் பட்டுதுன்னு கழுவினாங்களா, வேற எதுக்குக் கழுவினாங்களான்னு எனக்குத் தெரியாது. ரெண்டுக்கும் சேத்துதான் இருக்கும்.

அன்னிக்கு நான் சண்டைக்குப் போகல. இதை எழுதறதுக்கு இன்னிக்கும் வெக்கமா இருக்கு. போகாம, வீட்டுக் கதவைப் பூட்டினேன். காலையில வேலைக்குப் போறப்ப ஆயாகிட்ட விட்டுட்டு வெளித் தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் போவேன். பாதுகாப்புன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். ஊர் என்னை வெளிய வெச்சுது, நான் என் பிள்ளையை உள்ள வெச்சேன். டிவி முன்னாடி ஒக்காந்து முறுக்கு தின்னான். பத்து வயசுல நாப்பத்தாறு கிலோ. பஸ் படியில ஏத்தறதுக்கு ரெண்டு பேர் வேணும்.

அதுக்கும் முன்னாடி டவுன்ல ஒரு பயிற்சி மையத்துக்கு வாரம் ரெண்டு நாள் கூட்டிக்கினு போயிருக்கேன். இந்தக் குறை எல்லா வீட்லயும் பொறக்குது, பணக்காரன் ஏழை, மேல் சாதி கீழ் சாதின்னு பாக்கறதில்ல. அதனால அங்க வர்ற அம்மாக்களுக்குள்ள சாதி இருக்காதுன்னு நம்பினேன். மொத வாரம் ஒரு அம்மா சிநேகமா பேசினாங்க. ரெண்டாவது வாரம் "நீங்க எந்தத் தெரு?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். மூணாவது வாரம் அவங்க பிள்ளையோட பாயை அந்தக் கோடிக்கு இழுத்துப் போட்டுக்கினாங்க. ரெண்டு பிள்ளைங்களும் ஒரே முகம், ஒரே கண்ணு, ஒரே சிரிப்பு. கூடப்பொறந்ததுங்க மாதிரி இருக்கும். நடுவுல ஒரு பாய் அகல தூரம். நாலாவது வாரத்துலேர்ந்து நான் போகல. பஸ்ஸுக்குக் காசில்லேன்னு வீட்ல சொன்னேன்.

இப்படி இருக்கறப்பதான் 2015 பொங்கலுக்கு என் தம்பி வந்தான். சென்னை ரிச்சி தெருவுல பழைய எலக்ட்ரானிக் சாமான் ரிப்பேர் பண்ற கடையில வேலை. யாரோ வேணாம்னு போட்டுட்டுப் போன வெள்ளைப் பெட்டி ஒன்னைச் சரி பண்ணி எடுத்துக்கினு வந்தான். வீன்னு பேரு. நிண்டெண்டோ கம்பெனிக்காரன் 2006-ல விட்டது, அப்பவே பழசு. கூட ரெண்டு ரிமோட்டு.

"மத்த கேமெல்லாம் ஒக்காந்துக்கினு விரலால ஆடறது. இது கையை வீசினாத்தான் ஆடும்க்கா. ரிமோட்டுக்குள்ள அசைவைக் கண்டுபுடிக்கற சில்லு இருக்குது"ன்னான்.

"நம்ம டிவியில இதெல்லாம் வருமாடா?"

"வரும். மூணு கலர் ஒயரு சொருகுனா போதும்."

அந்த டிவி இலவச டிவி. 2006-ல ஆரம்பிச்ச திட்டத்துல எங்க காலனிக்கும் வந்த பதினாலு இஞ்சு பெட்டி. அந்தத் திட்டத்தைக் கிண்டல் பண்ணாத பத்திரிகை இல்ல. எங்க வீட்ல அதுதான் மைதானமாச்சு. அடுத்து வந்த கினெக்ட்டுன்னு ஒரு சாதனம் கையில ஒன்னுமே இல்லாம ஒடம்பையே படம் புடிச்சு ஆட வைக்குமாம். ஆனா அதுக்கு முன்னால ஆறடிக்கு மேல காலி எடம் வேணும். எங்ககிட்ட ஏது ஆறடி? செத்தாத்தான் ஆறடி. பழைய பெட்டிதான் எங்க வீட்டு அளவுக்குச் சரியா இருந்துது.

விடுதியில படிச்ச அந்தப் பொண்ணு அப்ப பிசியோதெரபி கடைசி வருஷம். பாத்துட்டு அவளுக்கு ஒரே சந்தோஷம். "அக்கா, 2011-ல தைவான்ல டவுன் சிண்ட்ரோம் பசங்களுக்கு இதையே 24 வாரம் குடுத்துப் பாத்திருக்காங்க. கை கால் ஒத்துழைப்பு, பாத்துச் செய்யற வேகமெல்லாம் கூடியிருக்கு. 2012-ல அமெரிக்காவுல ஒரு பன்னெண்டு வயசுப் பையன் எட்டு வாரம் வீட்லயே குடும்பத்தோட ஆடியிருக்கான். ஒத்தப் பையனை வெச்சு எல்லாருக்கும் சொல்ல முடியாது. ஆனா நாமளும் ஆடிப் பாக்கலாம்"னா. மொதல்ல இதய டாக்டர்கிட்டயும் எலும்பு டாக்டர்கிட்டயும் காட்டிக் கேக்கச் சொன்னா. கேட்டோம். தலைக்கும் கழுத்துக்கும் இடி படாத ஆட்டம்னா ஆடட்டும்னாங்க. திரையில குத்துச்சண்டை போட்டா எதிராளி கை எவன் கழுத்துலயும் படாது இல்லியா?

மொத நாள் ஆட்டக்காரனோட பொம்மையை நாமளே செய்யணும். தலைமுடி, மூக்கு, கண்ணு எல்லாம் பொறுக்கி எடுக்கலாம். தோல் நெறம் மட்டும் ஆறு வெச்சிருந்தான். ராசா ஒவ்வொன்னாப் பாத்துட்டு இருக்கறதுலயே கருப்பை எடுத்தான். கண்ணுக்கு வர்றப்ப ரொம்ப நேரம் எடுத்துக்கினான். கடைசியில ஓரம் மேல ஏறுன சின்னக் கண்ணு ஒன்னுல விரலை வெச்சு, "நானு"ன்னான். நர்சு மங்கோல்னு சொன்ன கண்ணு அது. அதை அவன் தனக்குன்னு தேடி எடுத்தான். என் தம்பி ரிமோட்டை வெச்சுட்டு வெளிய போயிட்டான். அழறதுக்குத்தான் போனான்.

ஆட்டம் ஒன்னும் சுலபமா வந்துடல. பவுலிங்ல கையைப் பின்னால எடுத்துக்கினு போய், முன்னால வீசறப்ப அடியில இருக்கற பொத்தானை விடணும். அவன் விரல் குட்டை, புடி தளர்ச்சி. அழுத்தினா விட மாட்டான், விட்டா ரிமோட்டையே விட்டுடுவான். மணிக்கட்டுல மாட்டற கயிறு இல்லேன்னா டிவி மொத வாரமே போயிருக்கும். சொல்லிக் குடுத்தா ஏறல. ஆடிக் காட்டினேன், ஏறுச்சு. இந்தப் பசங்களுக்குக் காதால கேக்கறதை விட கண்ணால பாத்து நல்லா வரும்னு அந்தப் பொண்ணு சொன்னா. அவன் படிச்ச பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் இதை எனக்குச் சொல்லல. எல்லாரும் அவன்கிட்ட பேசினாங்க, யாரும் காட்டல. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ராத்திரி பத்துக் கட்டையும் விழுந்துது. அவன் போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் கத்துச்சு.

அந்தப் பொண்ணு சில கட்டு வெச்சா. வெறுங்கால்ல நிக்கணும். தரை ஈரமா இருக்கக் கூடாது. பத்து நிமிஷம் ஆட்டம், அப்புறம் தண்ணி, ஓய்வு, மறுபடி பத்து நிமிஷம். நாடித் துடிப்பை எண்ணி அளக்காத, இவங்களுக்கு ஒழைச்சாலும் துடிப்பு மத்தவங்க மாதிரி ஏறாது, ஏமாந்துடுவேன்னா. ஆடறப்பவே பேரு கேளு, பாதி மூச்சுல பதில் வந்தா சரியான வேகம், பேசவே முடியலேன்னா நிறுத்துன்னா. உதடு நீலமானா, நெஞ்சைப் புடிச்சா, தள்ளாடுனா அன்னிக்கு ஆட்டமே வேணாம்.

ஆடற நேரம் வந்தா வீடே எடம் மாறும். கொடியை அவுக்கணும், குடத்தை சந்துல வைக்கணும், ஆயா கட்டிலை வெளிய போடணும். ஒரு நாள் எலி ஒயரைக் கடிச்சிட்டுது. டிவிக்கு மேல வெக்கற சென்சார் கம்பியோட ஒயரு. தம்பிக்குப் போன் போட்டேன். "அதுல இருக்கறது ரெண்டு வெளிச்சம்தான்க்கா. ரெண்டு மெழுகுவத்தி ஏத்தி அந்தண்ட இந்தண்ட வை"ன்னான். வெச்சேன், வேலை செஞ்சுது. கொஞ்ச நாள் எங்க வீட்ல டிவிக்குத் தள்ளி ரெண்டு பக்கமும் மெழுகுவத்தி எரிஞ்சுக்கினு இருந்துது. பாக்கறவங்க கிறிஸ்துவத்துக்கு மாறிட்டாங்கன்னு பேசிக்கினாங்க.

மூணாவது மாசம் எங்க பையன் எங்களை ஏமாத்தக் கத்துக்கினான். டென்னிஸுக்குக் கையை முழுசா வீச வேணாம், ஒக்காந்துக்கினே மணிக்கட்டை ஒரு சொடுக்கு சொடுக்கினாப் போதும்னு கண்டுபுடிச்சிட்டான். கட்டில்ல சாஞ்சுக்கினு, ஒரு கையில முறுக்கு, ஒரு கையில ரிமோட்டு. ஜெயிக்கவும் ஜெயிச்சான். அவனுக்குப் புத்தி இல்லேன்னு எவன் சொன்னது? அன்னிக்குத்தான் எனக்கு ஒன்னு புரிஞ்சுது. இந்தப் பெட்டி யாரையும் ஆட வைக்காது. பக்கத்துல இன்னொரு ஆள் நின்னு ஆடுனாத்தான் அவன் எழுந்து நிப்பான். அதுலேர்ந்து தெனம் சாயங்காலம் நான் நின்னேன், என் பொண்ணு நின்னா.

அவங்க அப்பா கொத்தனார் வேலை. மொதல்ல, "பொம்மை ஆட்டத்துக்குக் கரண்டு பில்லு நான் கட்டணுமா?"ன்னு கத்தினவரு. ஒரு நாள் ராசா அவர் கையில ரிமோட்டைத் திணிச்சு எதிரே நிறுத்திட்டான். குத்துச்சண்டை. அதுல ரெண்டு கையும் வேலை செய்யணும், இருக்கறதுலயே மூச்சு வாங்கற ஆட்டம். நாள் பூரா கல்லு தூக்குன தோளு அவருக்கு. கையை எப்படி வீசறதுன்னே தெரியல. வெறப்பா, ஏதோ சுவத்துக்குக் கலவை அடிக்கற மாதிரி வீசினாரு. ரெண்டு நிமிஷத்துல மகன் படுக்க வெச்சுட்டான். அவரு தரையில ஒக்காந்து சிரிச்ச சிரிப்பு நான் கல்யாணம் ஆகி அதுவரைக்கும் பாக்காத சிரிப்பு. அப்புறம் மெதுவா சொன்னாரு: "எட்டு வயசுல செங்கல் சூளைக்குப் போனேன்டி. நான் எப்ப வெளையாண்டேன்?"

நான் யோசிச்சேன். உடற்பயிற்சிங்கற சொல்லே எங்க வீட்ல கெடையாது. எங்க தாத்தன் ஏரு ஓட்டினான், ஆயா நாத்து நட்டுச்சு, மாமியா மலம் கலந்த சாக்கடையில நின்னா. ஒடம்பு தேய்ஞ்சுதான் போச்சு, பயிற்சி ஆகல. ஒடம்பு அடுத்தவனுக்கு ஒழைக்க மட்டும்தான்னு ஆயிரம் வருஷமாப் பழக்கி வெச்சிருக்கான். ஒழைக்க முடியாத ஒடம்போட ஒரு பிள்ளை பொறந்தா அந்தக் கணக்குல அது தண்டம். அந்தத் தண்டப் பிள்ளைதான் எங்க வீட்ல மொத மொதல்ல சும்மா சந்தோஷத்துக்காக கையைக் காலை வீசினான். எங்களையும் வீச வெச்சான்.

அதிசயம் ஒன்னும் நடக்கல. இதைப் படிக்கற அம்மாக்கள் ஏமாறக் கூடாதுன்னு சொல்றேன். எடை பெருசா குறையல, ஏறறது நின்னுது. அதுவும் முறுக்கை நிறுத்தினதுக்கப்புறம்தான். ஒத்தைக் கால்ல ரெண்டு செகண்டு நிக்க முடியாதவன் ஒரு வருஷத்துல எட்டு, ஒம்பது செகண்டு நின்னான். பஸ் படியில கம்பியைப் புடிச்சு தானே ஏறினான். அவ்வளவுதான். ஆனா ரெண்டு ஆளு தூக்கி ஏத்துன பிள்ளை தானே ஏறறதைப் பாத்த எனக்கு அது அவ்வளவுதானான்னு தெரியல.

எதிர்பாக்காத ஒன்னு நடந்துது. டிவியில வெளையாட்டுன்னு கேள்விப்பட்டு காலனிப் பசங்க வாசல்ல கூடினாங்க. ‘லூசு’ன்னு கூப்பிட்டவனுங்கதான். உள்ள வரணும்னா ராசா சொல்லணும். அவன் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தனா கையைப் புடிச்சு உள்ள விட்டான். யாரையும் விடாம இருந்ததில்ல. அவனை அடிச்சவனைக்கூட விட்டான். எல்லாரும் அவன்கிட்ட தோத்தாங்க. பேரு மாறிப் போச்சு, "ராசாண்ணா"ன்னாங்க. கதவு தொறந்தே கெடந்துது. தாழ்ப்பாளு துரு புடிச்சிப் போச்சு.

2019-ல பெட்டி செத்துது. தட்டைப் படிக்கற கண்ணு போயிடுச்சு, சாமான் கெடைக்கலன்னான் தம்பி. மறு வருஷம் கொரோனா. எல்லார் வீடும் எங்க வீடு மாதிரி ஆச்சு, கதவு சாத்தி. அப்ப ராசா சும்மா இருக்கல. அணைஞ்ச டிவி முன்னாடி நின்னு தெனம் சாயங்காலம் அதே நேரத்துல கையை வீசினான். ஒரு கட்டத்துல டிவியையும் விட்டுட்டு வாசலுக்கு வந்தான். பசங்க மண்ணு ரொப்புன தண்ணி பாட்டிலு பத்தை சந்துல நிறுத்தினாங்க. அவன் பந்தை உருட்டினான்.

அந்த 2020-லதான் உலக சுகாதார நிறுவனம், உடல் உழைப்பைப் பத்தின வழிகாட்டியில மொத தடவையா மாற்றுத்திறனாளிகளையும் சேத்துது. குழந்தைங்க தெனம் சராசரி ஒரு மணி நேரம், பெரியவங்க வாரத்துக்கு 150 நிமிஷத்துலேர்ந்து 300 நிமிஷம். 2016-ல வந்த ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்துல விளையாட்டும் பொழுதுபோக்கும் அவங்களுக்கும் உரிமைன்னு இருக்கு. ரெண்டையும் அந்தப் பொண்ணு எனக்குத் தமிழ்ல எழுதிக் குடுத்தா.

அதை வெச்சு 2023 அக்டோபர் 2 கிராம சபையில மனு குடுத்தேன். காலனிக்கு ஒரு விளையாட்டுத் திடல், சமமான தரை, புடிச்சு நடக்க ஒரு கம்பி. புறம்போக்கு எடமும் காட்டி எழுதியிருந்தேன். படிச்சு முடிச்சதும் முன்னால ஒக்காந்திருந்த ஒருத்தர் சிரிச்சுக்கினே சொன்னாரு: "ஒன் பையனுக்குத்தான் வீட்லயே டிவி கேம் இருக்குதாமே, அப்புறம் எதுக்குத் திடலு?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல. "அந்தப் பெட்டி செத்து நாலு வருஷம் ஆச்சுங்க"ன்னு மட்டும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியது வேற. நீங்க மைதானத்தை மூடினதால நாங்க டிவிக்குள்ள ஒரு மைதானத்தைத் தொறந்தோம். அதையே காட்டி இன்னொரு தடவை மூடறீங்களான்னு கேட்டிருக்கணும். வீட்டுக்குள்ள ஆடறது நல்லதுதான். எந்த அம்மாவுக்கு முடிஞ்சாலும், போன்லயோ டிவியிலயோ பாட்டைப் போட்டுட்டுப் பக்கத்துல நின்னு ஆடுங்கன்னு நான் சொல்லுவேன். ஆனா அது வெளிய வர்ற வரைக்கும் தெம்பு ஏத்திக்கற எடம். வெளிய ஒரு எடம் இருந்தாத்தான் அந்தத் தெம்புக்கு அர்த்தம்.

ராசாவுக்கு இப்ப இருபது தாண்டிடுச்சு. சாயங்காலம் ஆனா சந்துல பாட்டிலை அடுக்கறான். பந்தை உருட்டறப்ப ஆள்காட்டி விரலு இன்னும் காத்துல இல்லாத பொத்தானை விடுது. பந்து சில நாள் பாட்டிலைத் தள்ளிட்டு சாக்கடையைத் தாண்டி ஊர்க்காரங்க நெலத்துல போய் விழுது. பசங்க ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்துக்கினு நிக்கறாங்க. ராசா நிக்கறதில்ல. மெதுவா, தட்டைப் பாதத்தை ஊன்றி ஊன்றி, போய் எடுத்துக்கினு வர்றான். நான் வாசல்ல நின்னு பாத்துக்கினு இருக்கேன். இன்னும் பயந்தான். ஆனா கூப்பிடறதில்ல.

மனுவுக்குப் பதில் இல்ல. மறுபடியும் எழுதி வெச்சிருக்கேன், ஜனவரி 26 கிராம சபைக்கு. போன தடவை அவனை வீட்ல விட்டுட்டுப் போனேன். அங்க யாராவது ஏதாவது சொல்லிடுவாங்கன்னு. இந்தத் தடவை கூட்டிக்கினு போறேன். மனுவை அவனே குடுக்கட்டும்.